தஞ்சைச் சதய விழா: காலையிலேயே வந்துவிடுங்கள்

தஞ்சாவூர்ப் பெரிய கோயிலில் ஐப்பசிச் சதயத்தை ஒட்டி ஆண்டுதோறும் இரண்டு நாள் நடைபெறும் ராஜராஜ சோழன் பிறந்தநாள் விழாவுக்கு முதல்முறையாகச் செல்ல நினைப்பவர்கள், மாலை நிகழ்ச்சிக்கு எத்தனை மணிக்கு வந்தால் முன்வரிசையில் இடம் கிடைக்கும் என்றுதான் பெரும்பாலும் கேட்கிறார்கள். காலை ஏழு மணிக்கு வந்துவிடுங்கள் என்பதே அவர்களுக்கு நான் சொல்லும் பதில். திருச்சியிலிருந்து சில ஆண்டுகளாக இவ்விழாவுக்குப் போய்வருகிறேன். கடந்த முறை இரண்டு நாளும் அங்கேயே தங்கியதோடு, அடுத்து வந்த அன்னாபிஷேகம் வரையிலும் இருந்து பார்த்துவிட்டுத் திரும்பினேன். மாலை மேடை அழகானதுதான் என்றாலும் அதைப் போன்ற மேடைகளை வேறு ஊர்களிலும் காண முடியும். தஞ்சையில் மட்டுமே கிடைப்பது காலைப் பொழுதில் நடக்கிறது; அதற்கு வருகிறவர்களோ குறைவு.

முதலில் நாளைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் வெளியூரிலிருந்து வருகிறவர்கள் தடுமாறுவது அதில்தான். சதயம் நட்சத்திரத்தை வைத்து வருவது. ஆதலால் ஆங்கிலத் தேதி ஆண்டுக்காண்டு மாறும். 2022-இல் நவம்பர் தொடக்கத்திலும், 2023-இல் அக்டோபர் கடைசி வாரத்திலும், 2024-இல் நவம்பர் இரண்டாம் வாரத்தை ஒட்டியும் விழா நடந்தது. ஐப்பசிச் சதயம் பெரும்பாலும் வளர்பிறை நவமி, தசமியை ஒட்டி வருவதால், மூன்று முதல் ஐந்து நாளுக்குள் ஐப்பசிப் பௌர்ணமியும் அன்றைய அன்னாபிஷேகமும் வந்துவிடும். விடுப்பு எடுக்க முடிந்தவர்கள் இந்த இரண்டையும் சேர்த்துத் திட்டமிட்டால், ஒரே பயணத்தில் ஊரின் இரண்டு முகங்களைப் பார்க்கலாம். பழந்தமிழர் கூதிர் என்று பெயரிட்ட பருவம் இது. அடைமழைக்குப் பேர்போன மாதமாதலால், வெயிலை எதிர்பார்த்து வருகிறவர்கள் ஏமாந்துபோவார்கள். மழையை எதிர்பார்த்து வருகிறவர்களுக்கோ, நனைந்து நிறம் மாறிய கோயில் விமானத்தைப் பார்க்கும் பேறு கிடைக்கும்.

ராஜராஜன் பிறந்தது ஐப்பசிச் சதயம் என்பது ஊகமன்று. திருவாரூர்க் கோயிலில் உள்ள ராஜேந்திர சோழனின் கல்வெட்டு, தன் தந்தை பிறந்த நாளாக அதைக் குறிப்பிடுகிறது. பெரிய கோயில் கல்வெட்டிலோ, ஆண்டுக்குப் பன்னிரண்டு சதயத் திருவிழாக்கள் இக்கோயிலில் நடந்தமை பதிவாகியிருக்கிறது. ஆக, இந்த முற்றத்தில் சதயத்தைக் கொண்டாடுவது ஆயிரம் ஆண்டுப் பழக்கம். இன்றைய விழாவை அரசு விழாவாக நடத்துவதாகத் தமிழ்நாடு அரசு 2022-இல் அறிவித்த பிறகு, கூட்டமும் ஏற்பாடுகளும் பெருகியிருப்பதைக் கண்கூடாகக் காண்கிறேன்.

முதல் நாள் காலை மங்கல இசையோடு விழா தொடங்குகிறது. நாகசுரமும் தவிலும் வெட்டவெளியில் கேட்கப்பட வேண்டியவை என்று சொல்வதன் பொருள், கேரளாந்தகன் வாயிலைத் தாண்டி ராஜராஜன் வாயிலுக்குள் நுழையும்போதுதான் எனக்கு உண்மையாகப் புரிந்தது. அந்த இரண்டு வாயில்களுக்கும் இடையிலுள்ள வெளியில் மங்கலாகக் கேட்ட ஓசை, உள்வாயிலின் நிழலில் கால் வைத்ததும் நான்கு புறமும் கல்லில் பட்டுத் திரண்டு வந்து நெஞ்சில் மோதுகிறது. ஒலிபெருக்கி எதுவும் அந்த அனுபவத்தைத் தந்துவிடாது.

அடுத்து வருவது திருமுறைப் பாராயணம். கடந்த முறை நான் உட்கார்ந்திருந்த இடத்துக்கு நான்கைந்து அடி தொலைவில், பதினைந்து வயதுகூட நிரம்பாத ஓதுவார் மாணவன் ஒருவன், நெற்றியில் திருநீறு மழைச்சாரலில் கரைந்து புருவத்துக்கு வழிந்துகொண்டிருக்க, அதைத் துடைக்கவும் கையை எடுக்காமல் தாளத்தைத் தட்டிக்கொண்டிருந்தான். மூத்த ஓதுவார் ஒரு அடியை முதலில் தனியாகப் பாட, மற்றவர்கள் சேர்ந்து அதை வாங்கிப் பாடினார்கள். மூத்தவர் எடுக்கும் முன்பே அடுத்த அடி அந்தச் சிறுவனின் உதட்டில் ஓசையின்றி அசைந்ததைக் கண்டபோது, பாடம் எந்த அளவுக்கு ஏறியிருக்கிறது என்பது விளங்கியது. எனக்குப் பக்கத்தில் இருந்த மூதாட்டி, இரண்டு பதிகம் முடிந்ததும் நான் எழப்போவதைப் பார்த்துவிட்டு, "உக்காருங்க தம்பி, இந்தக் கோயில் பதிகத்தை இன்னும் பாடலையே" என்றார்.

அவர் சொன்னது கருவூர்த் தேவரின் திருவிசைப்பா. ஒன்பதாம் திருமுறையில் இடம்பெற்ற அந்தப் பதிகம் இக்கோயிலைப் பற்றியே பாடப்பட்டது. "இஞ்சிசூழ் தஞ்சை இராசராசேச்சரத்து இவர்க்கே" என்று பாட்டுக்குப் பாட்டு முடிவது. இஞ்சி என்றால் மதில். மதில் சூழ்ந்த தஞ்சை என்று பாடும் குரலைக் கேட்டபடி தலையைத் திருப்பினால், அந்த மதில் கண்ணெதிரே நிற்கிறது. இன்று ஆகிரி என்று வழங்கும் ராகத்துக்கு நிகரான பஞ்சமப் பண்ணில் அமைந்த அந்தப் பாடலை ஒலிப்பதிவில் பலமுறை கேட்டிருக்கிறேன். ஆனால் பாடப்பட்ட இடத்திலேயே அமர்ந்து கேட்டபோது கண் கலங்கியதை மறைக்க வேண்டியதில்லை என்று நினைக்கிறேன்.

இந்தப் பாராயணத்துக்கும் இக்கோயில் சுவருக்கும் நேரடியான உறவு உண்டு. இக்கோயில் மூலவரான பெருவுடையார் திருமுன் திருப்பதியம் பாடுவதற்காக 48 பேரையும், உடன் உடுக்கை வாசிக்க ஒருவரையும், கொட்டி மத்தளம் வாசிக்க ஒருவரையும், ஆக 50 பேரை நியமித்து, ஆளுக்கு நாளொன்றுக்கு நெல் முக்குறுணி அளந்து கொடுக்க ராஜராஜன் ஏற்பாடு செய்தான். 48 பேர் என்ற எண்ணிக்கையோடு கல்வெட்டு நின்றுவிடவில்லை. ஒவ்வொருவரையும் பெயர் சொல்லி எழுதியிருக்கிறது. சதாசிவன், வாமசிவன், அகோரசிவன் என்று தீட்சைப் பெயர்கள் வரிசையாக வருகின்றன. இதைப் படித்துவிட்டு வந்து அந்தச் சிறுவனின் பாட்டைக் கேட்டுப் பாருங்கள். கேட்பதே வேறாக இருக்கும்.

இரண்டாம் நாள் காலை, கோயிலுக்கு வெளியே உள்ள ராஜராஜன் சிலைக்கு மாலை அணிவிக்கிறார்கள். 1972-இல் நிறுவப்பட்ட அந்தச் சிலையைக் கோயிலுக்குள் வைக்க மத்தியத் தொல்லியல் துறையின் அனுமதி கிடைக்காததால், கட்டியவன் வெளியே நின்று தன் கோயிலைப் பார்த்துக்கொண்டிருக்கும்படி ஆகிவிட்டது. ஊரில் பலருக்கு இது இன்றும் ஆறாத மனக்குறை. அதே ஊரார், இக்கோயிலிலிருந்து களவுபோய்க் குஜராத்தில் ஒரு தனியார் அருங்காட்சியகத்தில் இருந்த ராஜராஜன், அவன் தேவி உலகமாதேவி ஆகியோரின் செப்புத் திருமேனிகள் 2018-இல் மீட்கப்பட்டுத் தஞ்சைக்கு வந்துசேர்ந்த கதையைச் சொல்லும்போது முகம் மலர்ந்துவிடுகிறார்கள்.

சிலைக்கு மாலை சாத்திய பிறகு, திருமுறைகளை யானைமேல் ஏற்றி, ஓதுவார்கள் பாடியபடி முன்செல்ல, ராஜவீதிகளில் ஊர்வலம் புறப்படுகிறது. இவ்விழாவில் ஊருக்கு மிக நெருக்கமான பகுதி இதுதான் என்பது என் எண்ணம். கோயிலுக்குள் பார்வையாளராக வருகிறவர்கள், இங்கே வீட்டு வாசலில் நின்று விழாவைத் தங்கள் வீட்டு விசேஷமாக வரவேற்கிறார்கள். மேலவீதியில் ஒரு வீட்டின் முன்னால், இரவெல்லாம் பெய்த மழையில் போட்ட கோலம் கரைந்துவிட்டதால், ஊர்வலம் தெருமுனைக்கு வந்துவிட்ட நேரத்திலும் ஒரு பெண்மணி ஈரத் தரையை முந்தானையால் ஒற்றிவிட்டு மறுபடியும் புள்ளி வைத்துக்கொண்டிருந்தார். யானைப் பாகன் அவர் முடிக்கும் வரை நடையைத் தளர்த்தினார். அவரும் அவசரமில்லாமல் கடைசிப் புள்ளியை இணைத்துவிட்டு எழுந்து கும்பிட்டார். ஊர்வலத்தைப் பார்க்க விரும்புகிறவர்கள் கோயில் வாசலில் நெருக்கியடித்துக்கொண்டு நிற்பதைவிட, வீதிகளுக்குள் முன்கூட்டியே போய் ஏதாவது ஒரு திண்ணை ஓரமாக நிற்பது நல்லது. பாட்டும் தெளிவாகக் கேட்கும், யாரும் இடிக்கவும் மாட்டார்கள்.

பெருவுடையாருக்கு 48 வகைப் பொருள்களால் நடக்கும் பேரபிஷேகத்தைப் பற்றி அதிகம் எழுதப்போவதில்லை; கூட்டம் மிகுதியாக இருப்பதால் நான் நின்ற இடத்திலிருந்து பாதியைத்தான் பார்க்க முடிந்தது. ஆள் உயரத்துக்கு இருமடங்கைத் தாண்டிய லிங்கத் திருமேனியாதலால், அர்ச்சகர்கள் உயரத்தில் ஏறி நின்று பாலையும் மஞ்சளையும் சந்தனத்தையும் சொரிகிறார்கள். மஞ்சள் நீர் உச்சியிலிருந்து ஆவுடையார் வரை இறங்கிவர எடுத்துக்கொள்ளும் நேரமே அந்தத் திருமேனியின் உயரத்தை நமக்கு உணர்த்திவிடுகிறது.

இனி மாலை. கருத்தரங்கம், கவியரங்கம், பட்டிமன்றம், பரதநாட்டியம் என்று இரண்டு நாளும் மேடை நிறைந்திருக்கிறது. கருத்தரங்கில் கல்வெட்டு, நீர்ப்பாசனம், கட்டடக்கலை பற்றிப் பேசியவர்களின் உரைகள் எனக்குப் பெரிதும் பயன்பட்டன. பட்டிமன்றத்தைக் குழந்தைகளோடு வந்த குடும்பங்கள் விரும்பிக் கேட்டன. நாட்டியத்தைப் பற்றித்தான் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். இக்கோயில் நாட்டியத்துக்கு வாய்த்த இடம் என்பது அலங்காரப் பேச்சன்று. விமானத்தின் மேல்தளத்து உட்சுவரில், கரணங்கள் எனப்படும் நூற்றெட்டு நாட்டிய நிலைகளில் 81 வரை சிற்பமாகச் செதுக்கப்பட்டிருக்கின்றன. மீதி 27-க்கு உரிய கற்கள் செதுக்கப்படாமலே காத்திருக்கின்றன. பொதுமக்கள் அந்தத் தளத்துக்குச் செல்ல முடியாது. ஆனால் அத்தகைய விமானத்தின் அடியில் ஆடுகிறோம் என்ற உணர்வு ஆடுகிறவர்களின் முகத்தில் தெரிகிறது. கோயிலின் ஆயிரமாவது ஆண்டு நிறைவை ஒட்டி 2010 செப்டம்பரில் பத்மா சுப்ரமணியம் அவர்களின் தலைமையில் ஆயிரம் நாட்டியக் கலைஞர்கள் இந்த முற்றத்தில் சேர்ந்து ஆடியதை நேரில் கண்டவர்கள் இன்றும் ஊரில் இருக்கிறார்கள்.

இங்கே என் விருப்பம் ஒன்றைப் பதிவுசெய்ய வேண்டும். ஆடல் மகளிர் குடியிருப்பான தளிச்சேரியின் பெயரால் தளிச்சேரிக் கல்வெட்டு என்று அறியப்படும் நீண்ட கல்வெட்டில், சோழநாட்டின் பல கோயில்களிலிருந்து தஞ்சைக்குக் குடியேற்றப்பட்ட 400 ஆடல் மகளிரின் பெயரும், அவர்கள் எந்தத் தெருவில், தெருவின் எந்தச் சிறகில் (வரிசையில்), எத்தனையாவது வீட்டில் வாழ்ந்தார்கள் என்பதும் எழுதப்பட்டிருக்கின்றன. தெற்குத் தளிச்சேரியின் தென்சிறகில் முதல் வீட்டில் இருந்தவள் நக்கன் சேரமங்கை. அவர்களுக்கு ஆடக் கற்பித்த நட்டுவர்கள், இசைக் கலைஞர்கள், தையற்காரர், தச்சர் என்று எல்லோருக்கும் அங்கே பங்கு உண்டு, பெயரும் உண்டு. "நாம் குடுத்தனவும் அக்கன் குடுத்தனவும் நம் பெண்டுகள் குடுத்தனவும் மற்றும் குடுத்தார் குடுத்தனவும்" கல்லிலே வெட்டுக என்று ஆணையிட்ட அரசன், தான் கொடுத்ததையும் பிறர் கொடுத்ததையும் ஒரே சுவரில் எழுதவைத்தான். அவன் பிறந்தநாள் மேடையில் ஆடும் ஒவ்வொரு குழந்தையின் பெயரும், வாசிக்கும் ஒவ்வொரு தவில்காரரின் பெயரும், முற்றத்துக்குள் நுழையும் வழியில் ஒரு பலகையில் எழுதிவைக்கப்பட்டால் எவ்வளவு பொருத்தமாக இருக்கும்! குழுவின் பெயர் மட்டும் போதாது. ஆடும் கால்களுக்கு உரியவர்களின் பெயரே வேண்டும். பேத்தியின் நடனத்தைப் பார்க்க மழையில் காத்திருக்கும் ஒரு தாத்தாவுக்கு அந்தப் பலகை எவ்வளவு பெரிய பரிசு என்பதைச் சொல்லத் தேவையில்லை.

கோயிலைச் சுற்றிக்காட்டும் தனியார் சேவை ஒன்றைப் பற்றியும் சொல்ல வேண்டும், பெயரைக் குறிப்பிடவில்லை. விழாவை முன்னிட்டுக் கட்டணம் செலுத்தி ஒரு குழுவில் சேர்ந்தேன். காலை பத்து மணிக்கு மழை விட்டு வெயில் வந்திருந்த நேரத்தில், வடமேற்கில் முருகன் சந்நிதிப் பக்கம் எங்களை நிறுத்தி, இந்த விமானத்தின் நிழல் தரையில் விழாது என்று வழிகாட்டி விளக்கினார். நாங்கள் எல்லோரும் அப்போது நின்றுகொண்டிருந்தது விமானத்தின் நிழலில்தான். உச்சியில் இருப்பது எண்பது டன் எடையுள்ள ஒரே கல் என்றும் சொன்னார். அது பல கற்களை இணைத்து அமைக்கப்பட்டது என்று ஆய்வாளர்கள் எடுத்துக்காட்டிப் பல ஆண்டுகள் ஆகின்றன. கட்டணம் போனதைப் பற்றி எனக்குக் கவலையில்லை. குழுவில் இருந்த பள்ளிப் பிள்ளைகள் அதைக் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டதுதான் மனத்தை வருத்தியது. பொய்யான அதிசயம் எதுவும் தேவைப்படாத கோயில் இது. சுற்றிலும் கருங்கல் மலையே இல்லாத வண்டல் சமவெளிக்குக் கல்லைக் கொண்டுவந்து சேர்த்து, ஏறத்தாழ 216 அடி உயரத்துக்கு எழுப்பி, ராஜராஜனின் இருபத்தைந்தாம் ஆட்சியாண்டில், 1010-இல், கலசம் வைத்து முடித்ததைக் காட்டிலும் பெரிய அதிசயத்தை எந்த வழிகாட்டியும் இட்டுக்கட்டிவிட முடியாது. வழிகாட்டி வேண்டும் என்கிறவர்கள், முதல் நாள் கருத்தரங்கில் முழுதாக உட்கார்ந்துவிட்டு, பிறகு தாமாகவே சுற்றிவருவது நல்லது.

நடைமுறைச் செய்திகள் சில. ரயில் நிலையத்திலிருந்து கோயிலுக்கு நடந்தே வந்துவிடலாம். விழா நாளில் ஆட்டோவில் ஏறி நெரிசலில் நிற்பதைவிட அதுவே விரைவு. மழை பெய்த கல்தரை வழுக்கும். முதியோரை அழைத்து வருகிறவர்கள் முற்றத்தைச் சுற்றியுள்ள தூண் மண்டபமான திருச்சுற்று மாளிகையை ஒட்டியே நடத்திச் செல்ல வேண்டும். குடையை விரித்தால் பின்னால் இருப்பவர்களுக்கு மேடை தெரியாமல் போகும் என்பதால், மழைக்கோட்டு கொண்டுவருவது எல்லோருக்கும் நல்லது. தங்குமிடத்தை ஒரு மாதத்துக்கு முன்பே எழுத்துமூலம் உறுதிசெய்துகொள்ளுங்கள்: தொலைபேசியில் மட்டும் பேசி நான் பதிவு செய்திருந்த விடுதி ஒன்றில், போய் இறங்கியபோது சொன்ன வாடகையைப் போல ஒன்றரை மடங்கு கேட்டார்கள். வேறு வழியின்றிக் கொடுத்துவிட்டுத் தங்கினேன். காலை உணவுக்கு இட்லியோடு கடப்பா கிடைக்கும் கடையாகப் பார்த்து உட்காருங்கள். பாசிப்பருப்பும் உருளைக்கிழங்கும் சேர்ந்த அந்தக் குழம்பின் சுவை, மழைக்காலக் காலையில் கூடித் தெரிவதுபோல வேறெப்போதும் தெரிவதில்லை.

குழந்தைகளுக்கு வாங்கிச் செல்லக் கோயில் சாலையோரத்தில் தஞ்சாவூர்ப் பொம்மை விற்கிறார்கள். வாங்கும்போது அடிப்பாகத்தைக் கையில் எடுத்துப் பாருங்கள். களிமண் கனத்தால் அடி உருண்டு, கனமாக இருக்கும் பொம்மைதான், எந்தப் பக்கம் சாய்த்தாலும் நிமிர்ந்துகொள்ளும். இலேசான பொம்மைகள் இரண்டு ஆட்டத்தில் படுத்துவிடுகின்றன. என்னிடம் விற்றவர், கேட்காமலே இரண்டையும் தட்டிக்காட்டி, "இது ஆடும்ணே, அது அலமாரிக்குத்தான்" என்று சொல்லி விலை குறைவானதை எடுத்துக் கொடுத்தார்.

இரண்டாம் நாள் இரவு சுவாமி வீதியுலாவோடு சதய விழா நிறைவடைந்ததும் பெரும்பாலோர் ஊர் திரும்பிவிடுகிறார்கள். பந்தல் பிரிக்கிறார்கள், முற்றம் பழையபடி அகன்றுவிடுகிறது. நான்கு நாள் கழித்து வந்த பௌர்ணமியன்று, நாற்காலியோ மேடையோ இல்லாத அதே கோயிலில், வடித்து ஆறிய சோற்றைக் கூடை கூடையாகச் சுமந்துகொண்டுபோய், பெருவுடையார் திருமேனியை உச்சி வரை சோற்றால் மூடி, காய்கறிகளாலும் கனிகளாலும் அழகுசெய்திருந்தார்கள். சோழநாடு சோறுடைத்து என்ற பழமொழியைப் படித்துத்தான் பழக்கம். அன்று கண்ணால் கண்டேன். தீபாராதனை முடிந்து வெகுநேரம் கழித்து அந்தச் சோற்றைக் களைந்து எல்லோருக்கும் வழங்கினார்கள். வரிசையில் எனக்கு முன்னால் நின்றவர், முதல் நாள் காலையில் என்னை எழவிடாமல் உட்காரவைத்த அதே மூதாட்டி. என்னை அடையாளம் கண்டுகொண்டு, தன் தொன்னையிலிருந்து ஒரு கவளம் எடுத்து என் கையில் வைத்தார். "உப்பு இருக்காது தம்பி, அப்படியே சாப்பிடணும்" என்றார். மறுபடியும் தூறத் தொடங்கியிருந்தது. மாளிகைத் தூணோரம் இருவரும் ஒதுங்கி நின்று சாப்பிட்டோம்.